பிரெஞ்சுச் சிற்றூர் வீராம்பட்டினம்

பினாங்கில் புலாவ் தீக்குஸ் வட்டாரத்தை அறியாதவர் இலர். அங்கே 1808ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கத்தோலிக்கக் குருமார் ஒரு கல்லூரியை நிறுவினர். ‘காலேஜ் ஜெனரல்’ என்பது அதன் பெயர். சீனம், சயாம், வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து இலத்தீன் மொழி வாயிலாகப் பயின்று, குருக்களாகித் தத்தம் நாடு திரும்பினர். 1980களில் அக்கல்லூரி தஞ்சோங் பூங்காப் பக்கம் இடம் மாறியது.

ஆனால் இக்கல்லூரியின் கதை பினாங்கில் தொடங்கியதன்று. முதன்முதலில் அது 1665ஆம் ஆண்டில், சயாமின் அன்றைய தலைநகரான அயூத்தியாவில் ஏற்பட்டது. பர்மியப் படைகள் சயாமின்மீது பாய்ந்த காலத்தில் ஆசிரியரும் மாணவரும் அங்கிருந்து வெளியேறிக் கம்போடியக் கடற்கரை ஓரத்து ஹோன் தாத் என்னுமிடத்தில் ஒதுங்கினர். அங்கும் அமைதி கிட்டவில்லை. 1770ஆம் ஆண்டில் அவர்கள் வங்கக் கடலைக் கடந்து, சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியிலிருந்த ஒரு மீனவக் குப்பத்தை வந்தடைந்தனர். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கல்லூரி நடந்தது. பின்பு அது மூடப்பட்டுக் கால் நூற்றாண்டு கழிந்த பிறகுதான் பினாங்கில் மீண்டும் உயிர் பெற்றது. அந்தக் குப்பத்தின் பெயர் வீராம்பட்டினம்.

பிரெஞ்சுச் சிற்றூர் என்றவுடன் திராட்சைத் தோட்டமும், கல்லாற் கட்டிய மணிக்கூண்டும், குளிரில் புகையும் அடுப்புக் கூண்டும் நம் மனக்கண்முன் தோன்றும். வீராம்பட்டினத்தில் இவற்றுள் எதுவும் இல்லை. மக்கள் பேசுவது தமிழ். வணங்குவது செங்கழுநீர் அம்மனை. செய்வது கடல் தொழில். 1674ஆம் ஆண்டில் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் குடியேற்றத்தை அமைத்தது முதல் 1954 வரை, டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இடையிடையே கைப்பற்றிய ஆண்டுகள் நீங்கலாக, அப்பகுதியின்மேல் பறந்த கொடி பிரெஞ்சுக் கொடி. அவ்வளவே. எனினும் புதுச்சேரி நகரின் மாளிகைகளைப் பற்றி எழுதியோர் பலராக, இந்தச் சிற்றூரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. உலகப் புகழ் பெற்ற அரிக்கமேடு இவ்வூரின் எல்லையை ஒட்டியே கிடக்கிறது. அதனைப் பற்றிய நூல்களோ வண்டி வண்டியாக வந்துள்ளன. மேட்டுக்குப் புகழும் ஊருக்கு மறதியும் வாய்த்தது ஏன் என்பது ஆராயத் தக்கது.

நிலமும் நீரும்

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றிக் கிழக்கே ஓடிவரும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடகிளைக்கு அரியாங்குப்பத்து ஆறு என்றும் தென்கிளைக்குச் சுண்ணாம்பாறு என்றும் பெயர். இவ்விரண்டு கிளைகளுக்கும் கடலுக்கும் நடுவே, மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த தாழ்ந்த மணல் நிலத்தில் வீராம்பட்டினம் அமைந்துள்ளது. புதுச்சேரி நகரிலிருந்து தெற்கே மூன்று நான்கு மைல் தொலைவுதான்; ஆயினும் இடையே ஆறு குறுக்கிடுவதால் பழங்காலத்தில் அது ஒரு தனித் தீவுபோலவே இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆறு நம் நாட்டு ஆறுகளைப் போன்றதன்று. பினாங்கில் ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. புதுச்சேரிக் கரையிலோ ஆண்டு மழை இங்குப் பெய்வதில் ஏறக்குறையப் பாதிதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அப்போது ஆறு பெருகி, முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு கடலில் பாயும். கோடையில் நீர் வற்ற, கடல் அலைகள் மணலைக் கொணர்ந்து வாயை அடைக்கும். மேலும் இக்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக் காலத்தில் அது தெற்கே திரும்பும். ஆனால் வாடைக் காலம் குறுகியது. ஆகவே ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணலின் பயணம் வடதிசைக்கே. இந்த மணலின் நடமாட்டத்தை மனத்தில் இருத்திக்கொள்ளாமல் வீராம்பட்டினத்தின் பழைய வரலாற்றையோ இன்றைய வாழ்வையோ புரிந்துகொள்ள இயலாது.

திறந்த கடற்கரையான சோழமண்டலத்தில் பினாங்கைப் போன்ற இயற்கைத் துறைமுகம் கிடையாது. பிரெஞ்சுக் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் அலை கடந்து கொண்டுவந்தன. ஆணியடித்த படகு மோதி உடையும் இடத்தில் தைத்த படகு வளைந்து கொடுக்கும். இத்தகைய கரையில், சிறு மரக்கலங்கள் நுழைந்து ஒதுங்குவதற்கு ஏற்ற ஆற்று முகம் ஒன்று இருந்தால் அதன் மதிப்பு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அரியாங்குப்பத்து ஆற்றின் முகம் அத்தகையது. பழைய வணிக நகரம் கடலோரத்தில் எழாமல் ஆற்றின் உட்கரையில் எழுந்ததற்கு இதுவே காரணம்.

செங்கல் பொறுக்கியோர்

அந்த நகரம் மண்ணுக்குள் புதைந்து மேடாகிவிட்டதை முதலில் கண்டவர் தொல்பொருள் அறிஞர் அல்லர், ஊர் மக்களே. வீராம்பட்டினத்தில் மக்கள் பழைய செங்கற்களைத் தோண்டி எடுத்துச் செல்கிறார்கள் என்று 1734ஆம் ஆண்டிலேயே புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கம்பெனிக்கு ஒரு செய்தி சென்றது. மணலே கிடைக்கும் கரையோர ஊரில் வீடு கட்டக் கல்லுக்கு எங்கே போவது? மேடு அவர்களுக்கு ஓர் இலவசச் செங்கற்சூளை.

அடுத்து வந்தவர் லெ ஜாந்தி என்னும் வானநூலார். வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் காட்சியை அளந்தறிய பிரான்சிலிருந்து புறப்பட்டு, ஒருமுறை தவறவிட்டு, எட்டாண்டுகள் கீழைக் கடல்களிலேயே காத்திருந்து, 1769ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு நின்றார். உரிய நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது! வானம் கைவிட்ட அவருக்கு மண் ஒரு செய்தி தந்தது. வீராம்பட்டினத்தருகே ஆற்றங்கரையில் பெரிய பெரிய பழஞ்செங்கற்களை அவர் கண்டார். அவை வீரராகவன் என்னும் மன்னனின் கோட்டையைச் சேர்ந்தவை என ஊரார் அவரிடம் கூறினர்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. செங்கழுநீர் அம்மன் கோயில் வரலாற்றிலும் வீரராகவன் வருகிறான். ஆனால் அங்கே அவன் மன்னன் அல்லன், மீனவன். செங்கழுநீர் ஓடையில் அவன் வலையில் ஒரு மரக்கட்டை சிக்கியது. அதை விறகுக்காகப் பிளந்தபோது குருதி பெருகியது. அஞ்சி வணங்கி அதனையே அம்மனாக நிறுவினர் என்பது கதை. வெளிநாட்டு அறிஞர் கேட்டபோது மன்னனாகவும், தம்முள் பேசிக்கொண்டபோது தம்மினத்தவனாகவும் ஒரே பெயரை ஊர் காத்து வந்திருக்கிறது. வீரராகவன் வரலாற்று மனிதனா என்பதை இக்கதைகளைக்கொண்டு முடிவு கட்ட முடியாது. ஆனால் மேடு வேறு, ஊர் வேறு என்று அம்மக்கள் ஒருபோதும் எண்ணவில்லை என்பது மட்டும் தெளிவு. வீரை என்னும் துறையில் உப்புக் குவிந்து கிடந்ததை அகநானூறு பேசுகிறது. அந்த வீரையே வீராம்பட்டினம் என்று கருதுவோர் உளர். பெயரொற்றுமை ஒன்றை மட்டும் நம்பி இதனை ஏற்பது கடினம், தள்ளிவிடவும் காரணமில்லை.

1937ஆம் ஆண்டு முதல் ழுவோ துப்ரே என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் இம்மேட்டில் கருத்தைச் செலுத்தினார். ஊர்ச் சிறுவர்கள் மழைக்குப் பின் மண்ணில் பொறுக்கிய கண்ணாடி மணிகளையும் நிறக்கற்களையும் அவர் திரட்டினார். அவற்றுள் ஒரு கல்லில் செதுக்கியிருந்த முகம் உரோமப் பேரரசன் அகஸ்துவினுடையது என்று அவர் கூறியது அறிஞர் உலகை விழிக்கச் செய்தது. 1940களின் தொடக்கத்தில் ஃபோஷே, சுர்லோ ஆகிய இருவர் தோண்டினர். கிடைத்த பொருள்களில் சில, பிரெஞ்சுக்காரரின் கீழைநாட்டு ஆராய்ச்சிக் கழகம் இருந்த ஹனோய் வரை சென்றன.

அப்போது இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்தவர் மார்ட்டிமர் வீலர். சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு மண்சாடியின் உடைந்த துண்டைக் கண்ட அவர், அது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடி என்பதை உடனே உணர்ந்து புதுச்சேரிக்கு விரைந்தார். 1945ஆம் ஆண்டில், ஆங்கில இந்தியாவின் அதிகாரி ஒருவர் பிரெஞ்சு மண்ணில் அகழ்வு நடத்தும் புதுமை நிகழ்ந்தது. மதுச்சாடிகளோடு, இத்தாலியில் அரெத்சோ நகரில் செய்யப்பட்ட மெருகேறிய செந்நிற மட்கலங்களும் கிடைத்தன. அக்கலங்கள் எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் நன்கு தெரிந்த ஒன்று. ஆகவே அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த நம் நாட்டுக் கலங்களுக்கும் காலம் குறிக்க வழி பிறந்தது. தென்னிந்திய வரலாற்றுக்கு ஒரு கடிகாரம் கிடைத்தாற்போல ஆயிற்று. இது வீலரின் பெருந்தொண்டு. யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அவர் எழுதிய முறை வேறொரு மயக்கத்தை விளைத்தது. இதனை இந்திய-உரோம வணிக நிலையம் என்று அவர் அழைக்க, உரோமரே வந்து கட்டிய ஊர் என்று படித்தவர்கள் எண்ணத் தலைப்பட்டனர். கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளூஸ்’ கூறும் பொதுகே துறை இதுவே என்பது அவர் முடிவு. அது பெரும்பாலும் ஏற்கத் தக்கதே. எனினும் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழ்வு, உரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததையும், வணிகம் நின்ற பின்னும் வாழ்வு தொடர்ந்ததையும் காட்டியது. சோழர் காசும் சீன மட்கலத் துண்டும் கிடைத்துள்ளன. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் முன்னரே கிடைத்திருந்தன. உரோமர் வந்ததனால் ஊர் உண்டாகவில்லை. ஊரும் ஆறும் இருந்ததனால் அவர்கள் சரக்கு வந்தது.

பெயர் மறைந்த வகையும் இங்கேதான் விளங்குகிறது. 1947 முதல் 1950 வரை தோண்டிய கசால் தம் நூலின் தலைப்பில் ‘வீராம்பட்டினம்-அரிக்கமேடு’ என இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதினார். பின்னால் வந்தவர்கள் முன்பெயரை விட்டுவிட்டனர். வீட்டில் இருவர் இருக்க, வாயிற்பலகையில் ஒருவர் பெயரை மட்டும் எழுதினாற்போல ஆயிற்று.

கெடாவிற்கு வந்த மணி

அரிக்கமேட்டில் செய்யப்பட்ட பொருள்களில் நமக்கு நெருக்கமானது கண்ணாடி மணி. உருகிய கண்ணாடியை ஓர் இரும்புக் குழலின் முனையில் திரட்டி, அதன் நடுவே துளை விழச் செய்து, உலைக்கு வெளியே நீண்ட கம்பியாக இழுப்பார்கள். கம்பி எவ்வளவு நீண்டாலும் துளை நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு கலந்து சூடாக்கினால் கூரிய முனைகள் மழுங்கி உருண்டை மணிகளாகும். ஆந்திரத்தின் பாப்பநாயுடுபேட்டையில் இத்தொழில் இக்காலம் வரை நிலைத்திருந்ததால் பழைய செய்முறையை நேரில் கண்டறிய முடிந்தது.

கடுகளவும் மிளகளவும் உள்ள இம்மணிகள் கீழைக் கடற்கரைகள் எங்கும் கிடைக்கின்றன. இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குலோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ, பேராவின் கோலா செலின்சிங், பினாங்குக்கு எதிரே கெடாவில் கோத்தா கோலா மூடாவை அடுத்த சுங்கை மாஸ் ஆகியவை இவை செய்யப்பட்ட இடங்கள் என்று மணி ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ் பட்டியலிட்டார். தொழில் அரிக்கமேட்டிலிருந்து பரவியது என்பது அவர் கொள்கை. கண்ணாடியைப் பகுத்து ஆராய்ந்த பிற்காலத்தார், கண்ணாடிக் கட்டி பல இடங்களில் காய்ச்சப்பட்டது என்கின்றனர். ஆகவே கெடாவில் கிடைக்கும் மணி ஒவ்வொன்றும் வீராம்பட்டினத்துக் கரையிலிருந்து வந்தது என்று பெருமை பேசுவது பொருந்தாது. ஆனால் கைத்தொழில் தானாக நடந்து வராது; அறிந்த கை வர வேண்டும். குலோங் தோமில் கிடைத்த ஒரு பொற்கொல்லரின் உரைகல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழி எழுத்தில் பொறித்திருப்பதைக் காணும்போது, தொழிலறிந்த தமிழர் இக்கரைக்கு வந்தனர் என்பதில் ஐயம் எழவில்லை. ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த கப்பல்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நடந்த வரவு இது.

கொடிகள் மாறிய காலம்

பதினெட்டாம் நூற்றாண்டில் இப்பகுதி போர்க்களமாயிற்று. தெற்கிலிருந்து புதுச்சேரியைத் தாக்க வருபவன் அரியாங்குப்பத்து ஆற்றைக் கடந்தாக வேண்டும். ஆதலால் பிரெஞ்சுக்காரர் அங்கே ஒரு கோட்டை கட்டினர். 1748ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி பாஸ்கவென் முற்றுகையிட்டபோது வெடிமருந்து தீப்பற்றி, கோட்டையைக் கைவிட நேர்ந்தது. 1761இல் புதுச்சேரியே வீழ்ந்தது. 1765இல் திரும்பக் கிடைத்தது. அடுத்த ஐந்தாவது ஆண்டில்தான் சயாமை விட்டு வந்த கல்லூரி வீராம்பட்டினத்தை அடைந்தது. அரிக்கமேட்டின்மீது இன்றும் எஞ்சி நிற்கும் செங்கற் சுவர்கள் உரோமருடையவை அல்ல. அந்நூற்றாண்டின் மறைப்பணியாளர் இல்லத்தினுடையவை. இக்கல்லூரியோடு அவற்றை இணைத்துப் பேசுவது வழக்கம்.

கல்லூரித் தலைவர் பினியோ தெ பெஎன் என்பவர். சீன இளைஞரும் வியட்நாமிய இளைஞரும் தமிழ் மீனவரின் குடிசைகளுக்கு அருகே அமர்ந்து இலத்தீன் படித்த காட்சியை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். வியட்நாம் மொழிக்கும் இலத்தீனுக்குமான ஓர் அகராதியை மாணவர் துணையோடு அவர் 1773இல் கையெழுத்துப் படியாக ஆக்கி முடித்தார். வியட்நாமிய மொழியாராய்ச்சியில் அது இன்றும் மதிக்கப்படுகிறது. 1774இல் மயிலாப்பூரில் ஆயராகத் திருநிலைப்பட்டு, பின் கொச்சின் சீனா சென்று, அந்நாட்டு அரசியலிலேயே பெரும்பங்கு கொண்டார். அவர் போன பின் கல்லூரி தளர்ந்தது. 1778இல் ஆங்கிலேயர் மீண்டும் புதுச்சேரியைக் கைப்பற்றவே, சில ஆண்டுகளில் கதவு சாத்தப்பட்டது. பினாங்கு என்னும் பெயர் வரலாற்றில் அடிபடத் தொடங்கியது 1786இல்தான். மக்காவிலிருந்து சில சீன மாணவரோடு கல்லூரி அங்கு வந்தது 1808இல்.

1816இல் புதுச்சேரி இறுதியாகப் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. அதன் பின்னர் வந்த மாறுதல்களுள் கடற்கரை மக்களை நேராகத் தொட்டது உப்புதான். 1815, 1818ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகளால், ஆங்கிலேயரின் உப்பு ஏகபோகத்துக்கு ஊறு நேராதபடி பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பது நிறுத்தப்பட்டது. உப்பளக்காரருக்கென ஆண்டுக்கு 4,000 வராகன் இழப்பீடு வைக்கப்பட்டது. இரு வல்லரசுகள் மேசையில் அமர்ந்து முடித்த கணக்கு அது. மீனுக்கு உப்பிட்டுக் கருவாடாக்கிப் பிழைக்கும் கரையில், காலடியில் விளையும் உப்பு கைக்கெட்டாமற் போயிற்று.

ஊராட்சி வகையில் பிரெஞ்சு முறை 1880இல் நகராட்சி மன்றங்களைத் தந்தது; 1907இல் கொம்யூன்களின் தொகை 17 ஆக உயர்ந்தபோது அரியாங்குப்பம் தனிக் கொம்யூன் ஆயிற்று. வீராம்பட்டினம் அதில் அடங்கியது. ஆயினும் கடலில் யார் எந்த வலையை எப்போது விரிப்பது என்பதை மன்றம் தீர்மானிக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தே தீர்மானித்தது. இதைப் பிரெஞ்சு ஆட்சி நன்கறிந்திருந்தது போலும். ஆடி மாத வெள்ளிக்கிழமையில் நடக்கும் செங்கழுநீர் அம்மன் தேர்த்திருவிழாவில் பிரெஞ்சு ஆளுநரே வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கிவைப்பது வழக்கமாயிற்று. ஆளுபவன் ஊருக்கு வந்து கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்பதை மீனவர் ஒரு மரபாகவே ஆக்கிவிட்டனர். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 மக்கட் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி நிறைவுற்றது. வடம் பிடிக்கும் மரபு மட்டும் மாறவில்லை. ஆளுநருக்குப் பதிலாகத் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வருகின்றனர்.

கடல் தரும் வாழ்வு

சோழமண்டலக் கரையின் ஏனைய குப்பங்களைப் போல இதுவும் பட்டினவர் என்னும் மீனவ மக்களின் ஊர். கட்டுமரமே அவர்களுடைய பழைய கலம். இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்தது அது. அலை மேலே ஏறினாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயவைக்கலாம். கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலமும் பிரெஞ்சும் தம் அகராதிகளில் சேர்த்துக்கொண்டதை நேயர் அறிவர். காற்றுக்குத் தனித்தனிப் பெயர் இட்டு வழங்கும் மக்கள் இவர்கள்: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோழகம். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரையணையும் என்பது அவர்களுடைய பாடநூல். நெத்திலி, மத்தி, கவலை முதலிய சிறு மீன்கள் கூட்டமாக வரும். வஞ்சிரம் போன்றவை விலை மதிப்புடையவை. பினாங்குக் கடைகளில் ஈக்கான் பிலிஸ் என்று நாம் வாங்குவது நெத்திலியின் இனமே.

ஆடவர் கடலோடு நிற்க, விற்பனை முழுவதும் பெண்டிர் கையில். கூடை சுமந்து புதுச்சேரிச் சந்தைக்குச் செல்வதும், விலை பேசுவதும், வீட்டுக் கடனை அடைப்பதும் அவர்களே. ஒரு மீனவக் குடும்பத்தின் வரவு செலவைக் கணவனைக் கேட்டறிய முடியாது என்பார்கள். பொருளியல் நூல்களில் இப்பெண்டிருக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படாதது நியாயமன்று.

கடந்த அறுபது ஆண்டுகளில் தொழிலின் உருவம் மாறிவிட்டது. பருத்தி நூல் வலைக்கு மாற்றாக நைலான் வலையும், கட்டுமரத்துக்கு மாற்றாக இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகும் வந்தன. 2004 டிசம்பர் 26இல் கடற்பேரலை இக்கரை முழுவதும் படகையும் வலையையும் வாரிச் சென்றது. புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் உயிரிழப்பு மிகுந்தது காரைக்காலில்தான். கெடாவின் கோத்தா கோலா மூடாவையும் பினாங்குக் கரையையும் தாக்கியது அதே அலை. மணிகள் வந்த அதே கடல்வழி. அதற்குப் பின் கிடைத்த உதவிகளில் கண்ணாடியிழைப் படகுகள் மிகுந்தமையால் கட்டுமரம் விரைவாகக் குறைந்தது.

படகு பெருகியது, மீன் பெருகவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை நடைமுறையில் உள்ளது. இருந்தும் மீன் கூட்டத்தை வளைத்து அடிப்பக்கத்தைச் சுருக்கி ஒருசேர அள்ளும் சுருக்குமடி வலையைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதில் ஊர்களிடையே பகை மூண்டது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வீராம்பட்டினத்தாருக்கும் அடுத்த ஊரான நல்லவாட்டு மீனவருக்கும் நேர்ந்த மோதலில் போலீசார் தலையிட வேண்டியதாயிற்று. பெரிய வலைக்கு முதல் போட்டவன் கடன் கட்ட வேண்டும். சிறிய வலைக்காரன் அன்றாடம் உண்ண வேண்டும். இருவரும் உறவினரே, இருவரும் தவிப்பவரே. பழைய பஞ்சாயத்து தன் ஊருக்குள் தீர்ப்புச் சொல்ல வல்லது. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கும் வலிமை அதற்கு இன்று இல்லை. சட்டத்துக்கோ கடலில் கண் இல்லை.

கல்லணையும் மணலும்

1986 முதல் 1989 வரை, அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக இரண்டு கல்லணைகள் கடலுக்குள் நீட்டப்பட்டன. மணல் வாயை அடைக்காமல் காப்பதே நோக்கம். தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தென்புறத்து அணையில் தங்கிவிட்டது. விளைவு இருவகை. அணைக்குத் தெற்கே வீராம்பட்டினத்துப் பக்கம் மணற்பரப்பு அகன்று வளர்ந்தது. வடக்கே புதுச்சேரி நகரின் கடற்கரை அரிக்கப்பட்டுக் கருங்கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் முதலிய மீனவர் பகுதிகள் படகு ஏற்றி வைக்கவும் இடமின்றித் தவித்தன. ஒரே தொழில் செய்யும் உறவினர்களில் ஒருவர் கரைக்கு மணல் வந்து சேர, மற்றவர் கரை கடலுக்குள் போயிற்று. தேங்கும் மணலைக் குழாய் வழியாக வடபுறம் தள்ள வேண்டும் என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட்ட திட்டம்தான், ஒழுங்காக நடைபெறவில்லை. அண்மைக் காலத்தில் கடலுக்குள் தடுப்புத் திட்டு ஒன்று அமைத்தபின், நகருக்கு எதிரே ஓரளவு மணல் மீண்டுள்ளது.

அகன்ற மணற்பரப்பு வீராம்பட்டினத்துக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கொணர்ந்திருக்கிறது. வலை உலர்த்தும் இடத்தில் உணவுக் கடைகளும் விடுதிகளும் தோன்றுகின்றன. இது வருவாயா, இடையூறா என்பதில் ஊராரிடையே ஒத்த கருத்து இல்லை.

உள்ளே ஆற்றங்கரையில் மேடு கிடக்கிறது. வீலர் தோண்டிய குழிகள் மூடப்பட்டு, மாவும் தென்னையும் வளர்ந்து, வேலிக்குள் அமைதியாக உள்ளது. அரிக்கமேடு என்ற பெயருக்கு அருகன் மேடு என்று சிலர் பொருள் கூறுவர். ஆற்றால் அரிக்கப்படும் மேடு என்று வேறு சிலர் கூறுவர். இரண்டாவது பொருள் மொழிநூற்படி சரியோ தவறோ, நிலத்தின்படி சரியே. பட்டுப்பாதையோடு தொடர்புடைய இந்திய இடங்களின் பட்டியலில் சேர்த்து, 2010இல் உலகப் பாரம்பரியத் தகுதிக்கு முன்மொழியப்பட்ட பிறகும் ஆற்றுப்பக்கத்துக் கரை ஒவ்வொரு வெள்ளத்திலும் சரிந்தே வருகிறது. முகத்துவாரத்தின் போக்கைக் கல்லணைகள் மாற்றிய பின் உள்ளே ஏறி இறங்கும் நீரின் வேகம் எவ்வாறு மாறியுள்ளது, மேட்டின் அடிப்பகுதியை அது எவ்வளவு தின்கிறது என்பவை அளந்து காணத் தக்கவை. மேட்டை மட்டும் பாதுகாப்பதற்கு ஒரு துறையும், துறைமுகத்தைக் காப்பதற்கு மற்றொரு துறையும், மீனவருக்கு வேறொரு துறையும் உள்ளன. இம்மூன்றையும் இணைக்கும் ஆற்று முகத்தைக் கேட்டறிய வேண்டுமானால் வீராம்பட்டினத்துப் படகோட்டிகளிடம்தான் செல்ல வேண்டும். ஐப்பசி வெள்ளம் எந்த இடத்தில் மணலை உடைக்கும், பங்குனியில் எந்த இடத்தில் தரை தட்டும் என்பது அவர்களுக்கு ஆண்டுதோறும் தெரியும்.